ஒரு பக்கத்துக்கு எத்தனை காசு?

ஒரு கடையில் இரண்டு லேசர் அச்சுப்பொறிகள் அருகருகே வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றின் விலை 10,000 ரூபாய். மற்றதன் விலை 15,000 ரூபாய். இரண்டும் கறுப்பு நிறத்தில் மட்டும் அச்சிடுபவை. இரண்டின் வேகமும் நிமிடத்துக்கு 20 பக்கம். வினாத்தாள்களையும் பயிற்சித்தாள்களையும் அச்சிட உங்கள் பள்ளி ஒரு பொறியை வாங்கப் போகிறது. பெற்றோர்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த பணம் அது. எதை வாங்குவது?

"இதில் ஐயம் என்ன? விலை குறைந்ததைத்தான்!" என்பீர்கள். சற்றுப் பொறுங்கள். யானையை வாங்குவது ஒரு நாள் செலவு. அதைக் கட்டித் தீனி போடுவது ஆயுள் முழுவதுக்குமான செலவு. அச்சுப்பொறியும் அப்படித்தான். அது என்ன தின்கிறது, எவ்வளவு தின்கிறது என்று தெரியாமல் விலைச்சீட்டை மட்டும் பார்த்து வாங்கினால் பின்னால் வருந்த நேரிடும். தீனிக் கணக்கைப் போடுவதற்கு முன் பொறிக்குள் நடப்பது என்ன என்று பார்ப்போம்.

சீப்பும் காகிதத் துண்டும்

உலர்ந்த தலைமுடியில் சீப்பைத் தேய்த்துச் சிறு காகிதத் துண்டுகளின் அருகே கொண்டு சென்றால் அவை தாவி வந்து ஒட்டிக்கொள்ளும். இந்தச் சோதனையைச் செய்து பார்க்காத மாணவர் யாரும் இருக்கமாட்டார். லேசர் அச்சுப்பொறியின் உயிர்நாடி இந்த நிலைமின்னியல் கவர்ச்சிதான்.

இதை அச்சுக்குப் பயன்படுத்தலாம் என்று கண்டவர் செஸ்டர் கார்ல்சன் என்ற அமெரிக்கர். இயற்பியல் பட்டம் பெற்ற அவர், காப்புரிமைத் துறையில் வேலை பார்த்தார். ஆவணங்களைக் கையாலும் தட்டச்சாலும் படியெடுத்துச் சலித்துப்போனவர். 1938ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் நியூயார்க் நகரின் அஸ்டோரியா பகுதியில், உதவியாளர் ஓட்டோ கோர்னியுடன் அவர் ஒரு சோதனை செய்தார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னூட்டம் ஏற்றினர். நாளும் ஊர்ப்பெயரும் எழுதிய கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து ஒளி பாய்ச்சினர். ஒளி பட்ட இடங்களில் மின்னூட்டம் கசிந்து ஓடிவிட்டது. எழுத்தின் நிழல் விழுந்த இடங்களில் தங்கியது. மேலே லைக்கோபோடியம் என்ற தாவரத் தூளைத் தூவி ஊதியபோது, எழுத்துகளில் மட்டும் தூள் ஒட்டி நின்றது. அதை மெழுகுத் தாளுக்கு மாற்றினர். உலகின் முதல் உலர்நிலைப் படி அது!

இந்த முறையில் எழுந்ததே ஜெராக்ஸ் நிறுவனத்தின் படியெடுக்கும் பொறி. அந்நிறுவனத்தின் பொறியாளர் கேரி ஸ்டார்க்வெதர், மூலப்பிரதியின் பிம்பத்துக்குப் பதிலாக, கணிப்பொறியால் ஆட்டுவிக்கப்படும் லேசர் கற்றையைக் கொண்டே உருளையில் எழுதலாம் என்று 1960களின் இறுதியில் எண்ணினார். 1971இல் கலிபோர்னியாவிலிருந்த பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்துக்கு மாறிச் சென்று அதைச் செய்தும் காட்டினார். 1984இல் எச்.பி. நிறுவனம் மேசைமீது வைக்கக்கூடிய லேசர் அச்சுப்பொறியை வெளியிட்டது. நிமிடத்துக்கு 8 பக்கம் அச்சிட்ட அதன் விலை 3,495 டாலர்.

பொறிக்குள் நடக்கும் ஆறு வேலைகள்

பொறியின் நடுவே டிரம் எனப்படும் உருளை இருக்கிறது. அதன்மேல் ஒளிகடத்திப் பொருள் மெல்லிய படலமாகப் பூசப்பட்டிருக்கும். இருளில் அது மின்கடத்தாப் பொருள்; ஒளி பட்டால் கடத்தி.

முதல் வேலை, உருளை முழுவதும் ஒரே சீராக எதிர்மின்னூட்டம் ஏற்றுவது. இரண்டாவது, சுழலும் பல்முகக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் லேசர் கற்றை, எழுத்து விழவேண்டிய புள்ளிகளை மட்டும் தொட்டு அங்குள்ள மின்னூட்டத்தைக் கசியச் செய்வது. மூன்றாவது, டோனர் எனப்படும் மைத்தூளை உருளைக்கு அருகே கொண்டுவருவது. உராய்வினால் தூளும் எதிர்மின்னூட்டம் பெற்றிருக்கிறது. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் அல்லவா? ஆகவே தூள் மற்ற இடங்களை விட்டுவிட்டு, லேசர் தொட்ட புள்ளிகளில் மட்டும் படிகிறது. நான்காவது, தாளின் பின்புறம் நேர்மின்னூட்டம் தந்து தூளைத் தாளுக்கு இழுப்பது. ஐந்தாவது, ஏறத்தாழ 200 செல்சியஸ் வெப்பமுள்ள உருளைகளுக்கிடையே தாளை அழுத்தித் தூளை உருக்கி ஒட்டுவது. அச்சான தாள் சுடச்சுட வெளிவருவது இதனால்தான். ஆறாவது, உருளையில் மிஞ்சிய தூளை ஒரு தகட்டினால் வழித்துத் துப்புரவு செய்வது.

டோனர் என்பது திரவ மையன்று. பிளாஸ்டிக் பிசினும் கரியும் சிறிது மெழுகும் கலந்த நுண்தூள். தூளாக இருப்பதால் உலர்ந்து கெட்டியாகிவிடும் என்ற கவலை இல்லை. மைத்தாரைப் பொறியைப் பல வாரம் சும்மா விட்டால் நுண்துளைகளில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளக்கூடும். லேசர் பொறியைக் கோடை விடுமுறை முழுவதும் மூடி வைத்துவிட்டு ஜூனில் திறந்தாலும் அச்சிடும்.

தீனிக் கணக்கு

இனிக் கணக்குக்கு வருவோம். லேசர் பொறி தின்பவை நான்கு: டோனர், டிரம், தாள், மின்சாரம்.

டோனர் பெட்டியின்மேல் "1,000 பக்கங்கள்", "2,600 பக்கங்கள்" என்று எண் குறிக்கப்பட்டிருக்கும். கறுப்பு டோனருக்கு இந்த எண்ணை அளக்க 2004இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 19752 என்ற பன்னாட்டுத் தரமுறை உண்டு. அதில் பயன்படும் மாதிரிப் பக்கத்தில் எழுத்து மூடும் பரப்பு ஏறத்தாழ 5 விழுக்காடுதான். உங்கள் பக்கத்தில் 10 விழுக்காடு கறுப்பு இருந்தால் பெட்டி ஏறக்குறையப் பாதி பக்கங்களிலேயே தீர்ந்துவிடும். பாதிப் பக்கத்தை மூடும் கருமையான ஒரு படம், பத்துப் பக்க எழுத்துக்கான தூளை விழுங்கிவிடும்.

அடுத்தது டிரம். சில பொறிகளில் டிரமும் டோனரும் ஒரே பெட்டியில் இணைந்திருக்கும். டோனர் தீர்ந்தால் நல்ல நிலையிலுள்ள டிரமையும் சேர்த்து மாற்றவேண்டும். வேறு சிலவற்றில் டோனர் தனி, டிரம் தனி. டோனரைப் பலமுறை மாற்றிய பிறகு, ஏறத்தாழ 12,000 பக்கங்களுக்கு ஒருமுறை டிரமை மாற்றினால் போதும்.

நம் இரு பொறிகளுக்கும் கணக்கிடுவோம். விலைகள் எடுத்துக்காட்டுக்காக நாம் வைத்துக்கொண்டவை. கடையில் கேட்டு அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

"அ" பொறி: விலை 10,000 ரூபாய். டிரமுடன் இணைந்த பெட்டி 2,000 ரூபாய். 1,000 பக்கம் வரும். பக்கத்துக்கு 2 ரூபாய்.

"ஆ" பொறி: விலை 15,000 ரூபாய். டோனர் 1,300 ரூபாய். 2,600 பக்கம் வரும். பக்கத்துக்கு 50 காசு. டிரம் 4,800 ரூபாய். 12,000 பக்கம் வரும். பக்கத்துக்கு 40 காசு. ஆக 90 காசு.

x பக்கங்களுக்குப் பிறகு மொத்தச் செலவு y என்றால், "அ" பொறிக்கு y = 10,000 + 2x; "ஆ" பொறிக்கு y = 15,000 + 0.9x. வகுப்பில் நீங்கள் வரைந்த நேர்கோடுகள்தாம் இவை! இரண்டும் எங்கே வெட்டிக்கொள்ளும்? 1.1x = 5,000. எனவே x ஏறத்தாழ 4,545. அதற்குக் குறைவாக அச்சிடுபவருக்கு "அ" மலிவு; கூடுதலாக அச்சிடுபவருக்கு "ஆ" மலிவு.

மாதம் 600 பக்கம் அச்சிடும் பள்ளி எட்டாவது மாதத்திலேயே இந்த வெட்டுப்புள்ளியைக் கடந்துவிடும். மூன்று ஆண்டுகளில் 21,600 பக்கம். "அ" பொறிக்கு 53,200 ரூபாய் ஆகும். "ஆ" பொறிக்கு 34,440 ரூபாய் ஆகும். வேறுபாடு 18,760 ரூபாய். அந்தப் பணத்தில் இன்னொரு "ஆ" பொறியே வாங்கிவிடலாம்!

வீட்டுக்கு வேண்டுமா?

ஆனால் மாதம் 40 பக்கம் மட்டுமே அச்சிடும் வீட்டுக்கு இந்த முடிவு பொருந்துமா? அங்கே மூன்றாவது கோடு ஒன்றையும் வரையவேண்டும்: தெருமுனைக் கடை. அங்கே தாளுடன் பக்கத்துக்கு 3 ரூபாய் என்று கொள்வோம். 500 தாள் கொண்ட கட்டு 300 ரூபாய் என்றால் ஒரு தாள் 60 காசு. தாளையும் சேர்த்தால் "ஆ" பொறியின் பக்கச் செலவு 1 ரூபாய் 50 காசு. கடையோடு ஒப்பிட்டால் பக்கத்துக்கு 1 ரூபாய் 50 காசு மிச்சம். 15,000 ரூபாய் முதலை மீட்க 10,000 பக்கம் அச்சிடவேண்டும். மாதம் 40 பக்கம் என்றால் 250 மாதம். அதாவது ஏறத்தாழ 21 ஆண்டு! அவசரத் தேவை இல்லாத வீட்டுக்குக் கடையே மேல். "எந்தப் பொறி நல்லது?" என்று கேட்பதற்கு முன் "எனக்கு மாதம் எத்தனை பக்கம்?" என்று கேட்டுக்கொள்வது இதனால்தான் முக்கியம்.

தாளின் இருபுறமும் தானாகவே அச்சிடும் வசதி இருந்தால் தாள் செலவு பாதியாகும். மேற்சொன்ன பள்ளிக்கு மூன்றாண்டில் 10,800 தாள் மிஞ்சும். தாள் ஒன்று 60 காசு வீதம் 6,480 ரூபாய். இந்த வசதிக்காக விலை சற்றுக் கூடினாலும் தகும்.

மின்சாரம் எவ்வளவு?

அச்சிடும்போது பொறி சராசரியாக 400 வாட் எடுக்கிறது என்று கொள்வோம். ஒரு நிமிடத்தில் 24,000 ஜூல். அதில் 20 பக்கம். எனவே பக்கத்துக்கு 1,200 ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 36,00,000 ஜூல் ஆதலால், ஒரு யூனிட்டில் 3,000 பக்கம் அச்சிடலாம். இது மிக அற்பச் செலவு.

வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. அச்சிடாமல் சும்மா இருக்கையில் பொறி 5 வாட் எடுத்துக்கொண்டே இருந்தால், 30 நாளில் 3.6 யூனிட் ஆகிவிடும். 600 பக்கம் அச்சிட ஆன மின்சாரத்தைப்போல் 18 மடங்கு! வேலை முடிந்ததும் சுவர்ச் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

மின்வெட்டு உள்ள ஊரில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். வெப்ப உருளை சூடேறும் சில நொடிகளில் பொறி இழுக்கும் திறன் 800 வாட்டையும் தொடக்கூடும். 230 வோல்ட்டில் இது ஏறத்தாழ 3.5 ஆம்பியர். சிறிய வீட்டு இன்வெர்ட்டரோ கணிப்பொறிக்கான யு.பி.எஸ். கருவியோ இதைத் தாங்காது. அவற்றில் லேசர் பொறியை இணைக்கலாகாது.

கடையில் கேட்கவேண்டிய கேள்விகள்

பொறியுடன் வரும் முதல் டோனர் பெட்டி முழுதா, பாதியா? பல பொறிகளில் குறைந்த பக்கங்களுக்கான தொடக்கப் பெட்டியே வைக்கப்படுகிறது. டோனர் தனியா, டிரமுடன் இணைந்ததா? பெட்டியில் சில்லு உண்டா? சில பொறிகள் அந்தச் சில்லைச் சோதித்து, பிற நிறுவனப் பெட்டிகளையும் தூள் நிரப்பிய பழைய பெட்டிகளையும் ஏற்க மறுக்கும். டோனர் உங்கள் ஊரிலேயே கிடைக்கிறதா?

பழைய பெட்டியில் தூளை நிரப்பித் தருவோர் ஊர்தோறும் இருக்கிறார்கள். செலவு குறையும் என்பது உண்மை. ஆனால் நிரப்புவதால் டிரம் புதிதாகிவிடாது. வழிக்கும் தகடும் தேயும். கழிவுத்தூள் அறையை ஒவ்வொரு முறையும் காலி செய்யாவிட்டால் தூள் கசிந்து தாளைக் கறைப்படுத்தும்.

"டோனர் குறைவு" என்று பொறி எச்சரித்தவுடன் பெட்டியைத் தூக்கி எறியவேண்டாம். வெளியே எடுத்து மெல்லப் பக்கவாட்டில் அசைத்தால் தூள் சமமாகப் பரவி மேலும் சில பக்கங்கள் கிடைக்கும். டிரமை மட்டும் வெயிலில் வைக்காதீர்கள். அது ஒளியுணர் பொருள். தூள் கைமீதோ ஆடைமீதோ கொட்டினால் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். வெந்நீர் பிசினை இளக்கிக் கறையை நிலைக்கச் செய்துவிடும்.

ஒரு துப்பறியும் வேலை

பள்ளி அச்சுப்பொறியில் ஒரே கறை தாளில் மேலிருந்து கீழாகச் சம இடைவெளியில் திரும்பத் திரும்ப விழுகிறதா? உடனே புதுப் பெட்டி வாங்க ஓடாதீர்கள். அளவுகோலை எடுத்து இடைவெளியை அளவுங்கள். உருளையில் ஓரிடத்தில் கீறல் இருந்தால் அது ஒரு சுற்றுக்கு ஒருமுறை தாளைத் தொடும். ஆகவே இடைவெளி, உருளையின் சுற்றளவுக்குச் சமம். சிறிய பொறிகள் பலவற்றில் டிரமின் விட்டம் 24 மில்லிமீட்டர். அதைப் πயால் பெருக்கினால் 75.4 மில்லிமீட்டர். அந்தப் பொறியில் கறைகளுக்கிடையே இதே அளவு இருந்தால் குற்றவாளி டிரம்தான். வேறு அளவு வந்தால் வெப்ப உருளையோ வேறு உருளையோ பழுதாகியிருக்கலாம். எந்த உருளைக்கு எந்த இடைவெளி என்ற பட்டியல் பொறியின் பராமரிப்புக் கையேட்டில் பெரும்பாலும் இருக்கும். ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர். அப்படியானால் ஒரு பக்கத்தை அச்சிட டிரம் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

பிறகு, உங்கள் பள்ளி அலுவலகத்தில் மாதம் எத்தனை பக்கம் அச்சாகிறது, டோனர் என்ன விலை, எத்தனை பக்கம் வருகிறது என்று கேட்டறிந்து, இரு கோடுகளையும் வரைபடத்தாளில் வரையுங்கள். தலைமையாசிரியரிடம் அதைக் காட்டுங்கள். அடுத்த பொறியை வாங்கும் நாளில் அந்த ஒரு தாள் சில ஆயிரம் ரூபாயைக் காப்பாற்றக்கூடும்.