புது அறைக்கு முன் ஒரு குழி

குடும்பம் பெருகும்போது வீடும் பெருகவேண்டியதாகின்றது. மகளுக்குத் திருமணம் நிச்சயமானாலும், முதுமையுற்ற பெற்றோரைத் தம்முடன் வைத்திருக்க எண்ணினாலும், பழைய வீட்டோடு ஓர் அறையைச் சேர்த்துக் கட்டுவது நம்மவர் வழக்கம். கல் என்ன விலை, சீமெந்து எத்தனை பை, கூரைக்கு ஓடா தகடா என்றெல்லாம் பல நாள் ஆராய்வோம். ஆனால், அவை யாவற்றையும் தாங்கப்போகும் மண்ணைப் பற்றி மாத்திரம் வினவுவதில்லை. பல்லாண்டாக வீடு நிற்கும் வளவிலே புதிதாக என்ன குறை இருக்கப்போகின்றது என எண்ணிவிடுகின்றோம்.

யானும் அவ்வாறு எண்ணியவனே. என் தாயாருக்கென வீட்டின் மேற்குப் புறத்தில் ஓர் அறை கட்டுவித்தேன். இரண்டாவது மாரி கழிந்தபோது, பழஞ்சுவரும் புதுச்சுவரும் பொருந்திய இடத்திற் சாய்வாக ஒரு வெடிப்புத் தோன்றிற்று. சாந்து பூசி மறைத்தோம். அடுத்த மாரியில் அது விரல் நுழையுமளவு விரிந்தது. தாயார் அவ்வறையில் உறங்க அஞ்சினார். அயலிலுள்ள முதியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “தம்பி, அந்த மூலையிலை முந்திக் கல்லுக் கிண்டின கிடங்கு இருந்தது. குப்பையும் மண்ணும் போட்டுத் தூர்த்தவை. ஒரு சொல்லுக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனே” என்றார்.

சுவர் ஏன் வெடித்தது? எந்தக் கட்டடமும் தன் பாரத்தால் நிலத்தில் ஓரளவு அமிழவே செய்யும். முழுவதும் ஒரே அளவாக அமிழ்ந்தாற் பெருந்தீங்கில்லை. ஒரு பகுதி நின்றுவிட, மற்றொரு பகுதி இறங்குவதே கேடு. பழைய வீடு தன் கீழுள்ள மண்ணை நெருக்கி, அமிழ வேண்டிய அளவு அமிழ்ந்து முடிந்தது. புதிய அறையோ இனிமேற்றான் அமிழப்போவது. இரண்டையும் இறுகப் பிணைத்துவிட்டால் அப்பிணைப்பே முதலில் அறுகின்றது.

அமிழும் காலமும் மண்ணுக்கு மண் வேறுபடும். மணல் பாரம் ஏற ஏறவே அமிழ்ந்து அமைதியடையும். களிமண்ணோ தன் நுண்டுளைகளிலுள்ள நீர் மெல்ல மெல்லப் பிதுங்கி வெளியேறுமளவும், பல ஆண்டுகள் அமிழ்ந்துகொண்டேயிருக்கும். இவ்வுண்மையைக் கணித முறையில் நிறுவியவர் கார்ல் தெர்சாகி என்னும் பொறியியலறிஞர். 1925ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலிலிருந்தே மண்ணியக்கவியல் ஒரு தனித்துறையாக வளர்ந்தது.

நம் நாட்டிலும் ஒரு மண் போல் மற்றொரு மண் இல்லை. வலிகாமத்துச் செம்மண்ணின் கீழே சுண்ணக்கற்பாறை கிடக்கின்றது. மன்னார் மாவட்டத்து முருங்கன் பகுதியிலுள்ள கருங்களி மாரியில் நீருண்டு வீங்கும். கோடையிற் பாளம் பாளமாக வெடிக்கும். கொழும்பைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களிலோ உக்கிய புற்பூண்டுகள் செறிந்த கரிய சேறு உண்டு. அது சிறு பாரத்தையும் தாங்காது.

நிலத்தைச் சோதிக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. ஒரு முழக் குழி வெட்டி, எடுத்த மண்ணையே திரும்ப இட்டால், மண் மிஞ்சுவது நல்ல மனை, குறைவது ஆகாத மனை என்பது மனைநூல் மரபு. இதிற் பொருளுண்டு. இறுகிய மண் வெட்டியெடுக்கும்போது பொலிந்து பெருகும். நெகிழ்ந்த மண் அவ்வாறு பெருகாது. ஆனால், ஒரு முழ ஆழம் இன்றைய கற்சுவருக்குப் போதாது.

ஆதலின், புது அறை எழும் இடத்தில் எதிரெதிர் மூலைகளிலே, பழைய சுவரைவிட்டுச் சற்று விலகி, ஐந்தாறு அடி ஆழத்துக்கு இரு குழிகள் வெட்டிப் பார்த்தல் வேண்டும். மணற்பாங்கான இடத்திற் குழியின் பக்கங்கள் சரியுமாதலால், முட்டுக் கொடாமல் எவரும் உள்ளே இறங்கலாகாது. ஓட்டுத் துண்டு, கரி, சிப்பி, உக்கிய இலைகுழை ஆகியவை தென்பட்டால் அது பிற்காலத்தில் தூர்த்த நிலம் என அறியலாம். ஈர மண்ணிற் சிறிது எடுத்து உள்ளங்கையில் உருட்டினால், மணல் உதிரும். களி நூல் போலத் திரளும். ஒரு கண்ணாடிப் போத்தலில் மண்ணும் நீருமிட்டுக் குலுக்கி வைத்தால், மணல் உடனே அடியிற் படியும். மண்டி சில மணி நேரத்திற் படியும். களி மறுநாளும் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். மாரியில் நீர் எவ்வளவு உயரத்துக்கு ஊறி வருமென்பதையும், பழைய அத்திவாரம் எவ்வளவு ஆழத்தில் நிற்கின்றதென்பதையும் குறித்துக்கொள்ளுதல் நன்று.

குழி காட்டாதவையும் உள. மழைநீர் சுண்ணக்கல்லைக் கரைத்து உள்ளே குகைகளை ஆக்கும். புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணறு அவ்வாறு அமைந்ததே. ஆகவே, பாறை தட்டுப்பட்ட மாத்திரத்தில் ஐயம் தீர்ந்ததென எண்ணலாகாது. நிலம் முன்பு எங்கேனும் தாழ்ந்த அடையாளமிருப்பின், பொறியியலாளரைக் கொண்டு துளையிட்டுப் பார்க்கவேண்டும். மலைநாட்டில் ஆபத்து வேறு வகையானது. 2014ஆம் ஆண்டு ஒக்தோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலைச்சரிவே பெயர்ந்து லயன் வீடுகளை மூடியது. அத்தகைய இடங்களில் ஓர் அறை சேர்ப்பதற்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறுதல் கடன்.

குறை கண்டபின் செய்யவேண்டியவை சில. தூர்த்த மண்ணை முற்றாக அகற்றி, உறுதியான நிலம் வரை செல்லவேண்டும். பழைய அத்திவாரத்தின் அடியை ஒட்டி நீளமாக வெட்டுதல் பழைய சுவரையே சாய்த்துவிடும். பொறியியலாளர் காட்டும் முறைப்படி சிறு சிறு பகுதியாகவே வெட்டிக் கட்டிவர வேண்டும். இரு சுவர்களையும் இறுகப் பிணையாது, இடையே ஒரு சிறு இடைவெளி விட்டு, ஒன்றையொன்று இழுக்காமல் அமிழ வழிசெய்ய வேண்டும்.

என் வீட்டில் அந்த மூலையை இடித்து, குப்பையை அள்ளி, பாறையிலிருந்து மீண்டும் எழுப்பினோம். செலவு இருமடங்காயிற்று. அதனினும் பெரிது, தமக்கென்று கட்டிய அறையில் என் தாயார் அஞ்சிக் கழித்த இரவுகள். இரண்டு குழிக்கான கூலியும், அயலிலுள்ள முதியவரிடம் கேட்கும் ஒரு கேள்வியும் அவற்றைத் தவிர்த்திருக்கும்.