குழலுக்கு ஏற்ற குண்டு! ஆவடி அர்ஜுன் டாங்கியின் கதை

ஆவடி என்றதும் வயதானவர்களுக்கு 1955-ம் ஆண்டு நடந்த காங்கிரஸ் மாநாடு நினைவுக்கு வரும். மற்றவர்களுக்கு டாங்கிதான் நினைவுக்கு வரும். சென்னையிலிருந்து மேற்கே அம்பத்தூரைத் தாண்டினால் ஆவடி. இந்திய ராணுவத்தின் டாங்கிகள் அங்கேதான் தயாராகின்றன.

டாங்கி என்பது ஓடும் இரும்புக் கோட்டை. அதன் தலையில் ஒரு பீரங்கி. முதல் குண்டு குறி தவறினால் எதிரி சும்மா இருப்பானா? அடுத்த குண்டு அவனுடையது! உள்ளே இருப்பவர்களின் உயிர் அந்த முதல் குண்டில் இருக்கிறது.

நல்ல பீரங்கி இருந்தால் போதாதா? போதாது. குழலுக்குப் பொருந்திய குண்டும் வேண்டும். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். குழலுக்கும் குண்டுக்கும் பார்க்கும் பொருத்தம் அதைவிட அதிகம்!

தராசில் நிறுத்த மருந்து

அமெரிக்காவில் ரைபிள் சுடும் போட்டிக்காரர்கள் சிலர் கடைத் தோட்டாவை நம்புவதில்லை. தங்கள் தோட்டாவைத் தாங்களே தயார் செய்கிறார்கள். நகைக் கடைக்காரர் தங்கம் நிறுப்பது போல மருந்தை நிறுக்கிறார்கள். ஒரே மாதிரி ஐந்து தோட்டாக்களைச் சுட்டு, அட்டையில் விழுந்த ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று அளக்கிறார்கள். பிறகு அளவைச் சற்று மாற்றி மறுபடியும் சுடுகிறார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? சுடும்போது குழல் அதிர்கிறது. ஒவ்வொரு குழலும் ஒவ்வொரு விதமாக அதிரும். ஒரு ரைபிளுக்கு ஒத்துப்போன தோட்டா பக்கத்து ரைபிளுக்கு ஒத்துப்போகாது. (நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.)

இதே வேலையைப் பெரிய அளவில் செய்தால் அதுதான் பீரங்கிக் குண்டுத் தயாரிப்பு. பீரங்கிகளையும் குண்டுகளையும் சுட்டுச் சோதிக்க ஒரிஸாக் கடற்கரையில் சண்டிப்பூர் என்ற இடத்தில் 1895-லேயே நிலையம் ஏற்பட்டது. தமிழ்நாட்டுக்கும் இந்தத் தொழில் புதிதல்ல. நீலகிரி அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை 1966-ல் ஆரம்பமாயிற்று.

புரி போட்ட குழல்

ரைபிள் என்ற பெயர் எப்படி வந்தது? குழலின் உட்புறத்தில் திருகாணியின் புரி போலப் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். அதற்கு ஆங்கிலத்தில் ரைபிளிங் என்று பெயர். குண்டு அந்தப் புரியில் சுழன்றுகொண்டே வெளியே வரும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்கிறதல்லவா? சுழலும் குண்டும் தலைகுப்புறப் புரளாமல் நேரே போகும்.

இன்று பல நாட்டு டாங்கிகளில் புரி இல்லாத வழவழப்பான குழல்தான் இருக்கிறது. ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கியிலோ 120 மில்லிமீட்டர் அகலமுள்ள, புரி போட்ட குழல்! அந்தக் குழலையும் அதற்கேற்ற குண்டுகளையும் புனாவில் உள்ள ராணுவ ஆராய்ச்சிக்கூடம் உருவாக்கியது.

முக்கியமான குண்டுகள் இரண்டு. ஒன்று 'ஹெஷ்' குண்டு. சுவரில் வறட்டி தட்டியது போல இலக்கின் மீது அப்பிக்கொண்டு, அதன் பிறகு வெடிக்கும். இதற்குச் சுழற்சி நல்லது.

இன்னொன்று அம்பு போன்றது. நீண்ட உலோகக் கம்பி, வாலில் சிறகு. வினாடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்து எதிரி டாங்கியின் கவசத்தைத் துளைக்கும். இந்த அம்புக்குச் சுழற்சி ஆகாது! அதிகம் சுழன்றால் நிலை கெடும். புரி போட்ட குழலில் சுழலாத அம்பை விடுவது எப்படி?

அதற்கு ஒரு தந்திரம் உண்டு. குண்டைச் சுற்றி ஒரு வழுக்கு வளையம் போடுகிறார்கள். வளையம் புரியோடு சேர்ந்து சுழலும். உள்ளே இருக்கும் அம்பு அவ்வளவாகச் சுழலாது. சிறிய வளையம்தான். ஆனால் அது இல்லாவிட்டால் அம்பு கெட்டது!

வெயில் செய்யும் குறும்பு

ராஜஸ்தான் பாலைவனத்தில் கோடை வெயில் 50 டிகிரியை நெருங்கும். மருந்து சூடேறினால் வேகமாக எரியும். குண்டு வேகமாகப் பாய்ந்து இலக்குக்கு மேலே போய்விடும். குளிர் இரவில் இதற்கு நேர்மாறு. அதனால் தூரம், காற்று இவற்றோடு மருந்தின் சூட்டையும் கணக்கிட்டே பீரங்கியை உயர்த்தித் தாழ்த்த வேண்டும். கம்ப்யூட்டர் இதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்துவிடுகிறது.

குழலையும் வெயில் விடுவதில்லை. மேல்பக்கம் மட்டும் சூடானால் குழல் இம்மியளவு வளையும். ஆறு மீட்டர் நீளமுள்ள குழலின் நுனி 6 மில்லிமீட்டர் விலகினால், 2 கிலோமீட்டர் தூரத்தில் குண்டு 2 மீட்டர் தள்ளி விழும். ஆகவே அர்ஜுனின் குழலுக்கு வெப்பம் தாக்காத உறை உண்டு. குழல் நுனி நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கருவியும் உண்டு.

கையால் போடும் குண்டு

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் வெளிவந்த முதல் டாங்கி 'விஜயந்தா'. அதில் ஆள்தான் குண்டு போட வேண்டும். பிறகு அங்கே தயாரான ரஷ்ய மாதிரி டி-72, டி-90 டாங்கிகளில் யந்திரமே குண்டு போட்டுவிடும். 3 பேர் போதும். டாங்கியும் சிறியதாக இருக்கும். ஆனால் குண்டுகள் அவர்கள் காலடியிலேயே வட்டமாக அடுக்கியிருக்கும். அங்கே அடிபட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அர்ஜுனில் மறுபடியும் 4 பேர். நாலாவது ஆள், குதித்து ஓடும் டாங்கிக்குள் நின்று, கனமான குண்டை எடுத்துக் கையாலேயே குழலுக்குள் போடுகிறார். ஆயிரம் கருவிகள் இருந்தும் கடைசி வேலை மனிதன் கையில்தான்!

முப்பது ஆண்டுக் காத்திருப்பு

அர்ஜுனுக்கு அரசு அனுமதி கொடுத்தது 1974-ல். ராணுவம் 124 டாங்கிகள் கேட்டது 2000-ல். முதல் டாங்கிகள் ராணுவத்தின் கைக்கு வந்தது 2004-ல். முப்பது ஆண்டு! தாமதம் என்று பலரும் குறை சொன்னார்கள். சொன்னதில் தவறில்லை. 2010-ல் ராஜஸ்தானில் டி-90 டாங்கியோடு அர்ஜுனை ஓடவிட்டு, சுடவிட்டுப் பார்த்தார்கள். அதன் பிறகு இன்னும் வாங்க அரசு முடிவு செய்தது. திருத்தி அமைத்த 'மார்க் 1ஏ' 2021 பிப்ரவரி 14-ந் தேதி சென்னையில் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் 118 டாங்கிகளுக்கு ஆவடிக்கு ஆர்டர் வந்தது.

புரி போட்ட குழலுக்கு ஒரு சங்கடம் உண்டு. வழவழப்பான குழலுக்குப் பல நாடுகளில் குண்டு கிடைக்கும். அர்ஜுனின் குழலுக்கென்றே தனியாகக் குண்டு செய்தாக வேண்டும். பிரிட்டனின் 'சாலஞ்சர் 2' டாங்கிக்கும் இதே சங்கடம். நேச நாடுகளின் குண்டு தனக்கும் பயன்பட வேண்டும் என்று பிரிட்டன் 2021-ல் புரியைக் கைவிட்டது. அதன் அடுத்த டாங்கியில் வழவழப்பான ஜெர்மன் குழல்தான்.

ஆவடி விடவில்லை. மார்க் 1ஏ டாங்கியிலும் அதே புரி போட்ட குழல்தான். நாலாவது ஆளும் கூடவே இருக்கிறார்.