கலைந்த படைகள் – 9: அண்டாவைக் கவிழ்த்தவர்கள்

பால்கன் கிராமங்களில் கிறிஸ்தவச் சிறுவர்களைப் பிள்ளை வரியாகப் பிடித்து வந்து, மதம் மாற்றி, உதுமானிய சுல்தான்கள் ஜானிசரிப் படையைக் கட்டிய கதையைப் போன வாரமே முடித்துவிட்டோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த வாரம், 1826-ல் அந்தப் படை ஒழிக்கப்பட்ட கதை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்குத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வழியில் ஓர் அண்டா மறித்துக்கொண்டு நிற்கிறது.

ஜானிசரிப் படை 'ஓர்த்தா' என்ற பிரிவுகளால் ஆனது. ஏட்டுக் கணக்குப்படி மொத்தம் 196. ஒவ்வொரு ஓர்த்தாவுக்கும் ஓர் அண்டா உண்டு. கந்தூரிச் சோறு ஆக்கும் தேக்சா அளவுக்குப் பெரிய செப்பு அண்டா. மற்ற படைகள் கொடிக்குக் கொடுத்த மரியாதையை இவர்கள் இதற்குக் கொடுத்தார்கள். அணிவகுப்பில் அதைத் தூக்கிக்கொண்டு போவார்கள். போரில் அண்டாவை எதிரியிடம் பறிகொடுத்த ஓர்த்தாவுக்கு அதைவிடப் பெரிய மானக்கேடு இல்லை; அதிகாரிகளின் பதவியே போய்விடும்.

ஓர்த்தாவின் தலைவருக்கு 'சோர்பாஜி' என்று பட்டம். சூப் காய்ச்சுகிறவர் என்று பொருள். தலைமைச் சமையல்காரர் சாதாரண ஆள் அல்ல. ஒழுங்கு நடவடிக்கை அவர் பொறுப்பு. தப்பு செய்த சிப்பாயை அடைத்து வைப்பதும் அவருடைய சமையற்கட்டில்தான். வீரர்கள் அணிந்த வெள்ளைக் கம்பளித் தொப்பியின் நெற்றிப் பக்கத்தில் ஓர் உலோகக் குழல் இருக்கும். அதில் செருகுவது என்ன தெரியுமா? கரண்டி! ஐரோப்பாவையே நடுங்கவைத்த காலாட்படை நெற்றியில் கரண்டியோடு நடந்து வந்ததை நினைத்தால் எனக்கு இந்த வாரம் முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தோப்கபி அரண்மனை முற்றத்தில் சம்பளம். முதலில் சாப்பாடு. சூப் வந்ததும் ஓடிப்போய் மொய்த்தார்களானால் படை திருப்தியாக இருக்கிறது என்று அர்த்தம். தொடாமல் நின்றார்களானால் அமைச்சர்களுக்கு வயிறு கலங்கும். ரமலான் மாதம் பதினைந்தாம் நாள் பக்லாவா ஊர்வலம் வேறு. பத்துப் பேருக்கு ஒரு தட்டு என்ற கணக்கில் அரண்மனை மடைப்பள்ளியில் செய்த இனிப்பு, துணியில் கட்டிக் கழியில் கோத்து, ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு பாசறைக்குப் போகும். வேடிக்கை பார்க்க ஊரே திரளும். (பக்லாவாவின் பூர்வீகம் பற்றிய சண்டைக்குள் நான் போகப்போவதில்லை. கிரேக்கர்களும் துருக்கியர்களும் பார்த்துக்கொள்ளட்டும்.)

நமக்குச் செஞ்சோற்றுக் கடன் தெரியும். கர்ணன் அதற்காக உயிரையே கொடுத்தான். ஜானிசரிகள் அதே கணக்கைத் திருப்பிப் போட்டார்கள். சுல்தான் மேல் கோபம் வந்தால் அண்டாவைத் தூக்கி வந்து நடுத்திடலில் கவிழ்த்துவிடுவார்கள். உன் சோறு வேண்டாம். ஆகவே உனக்கு நான் பட்ட கடனும் இல்லை! பாசறையை ஒட்டிய இறைச்சித் திடலில் அண்டா வந்து இறங்கியது என்றால் அரண்மனையில் தலை உருளப் போகிறது என்று பொருள். 1622-ல் 17 வயது இரண்டாம் உஸ்மானைப் பதவியிலிருந்து இறக்கி, ஏதிகுலே கோட்டையில் வைத்துக் கொன்றார்கள். 1807-ல் புதிய பாணிப் படை ஒன்றை வளர்த்த மூன்றாம் செலிமை இறக்கினார்கள். மறுவருடம் அவர் உயிரும் போனது.

ஆனால் அந்தக் காலத்தில் கவிழ்த்தவர்களில் எத்தனை பேர் உண்மையான சிப்பாய்கள்? சம்பளச் சீட்டை விற்கலாம், வாங்கலாம் என்று ஆகியிருந்தது. காபிக்கடைக்காரர், கசாப்புக்காரர், படகோட்டி எல்லோரும் ஜானிசரிகள். பதிவேட்டில் ஒரு லட்சத்துக்கும் மேல் பெயர்கள். போர் முரசு கொட்டினால் வருகிறவர்கள் சொற்பம். காபிக்கடை வாசலில் ஓர்த்தாவின் சின்னம் மட்டும் ஜம்மென்று தொங்கும்.

1808-ல் பட்டத்துக்கு வந்த இரண்டாம் மஹ்மூத் பதினெட்டு வருடம் பொறுத்தார். அவர் பொறுமையைத்தான் நான் இந்தக் கதையில் மிகவும் மதிக்கிறேன், அதில் ரத்தவாடை அடித்தாலும். பீரங்கிப் படையைச் சத்தமில்லாமல் வளர்த்தார். மார்க்க அறிஞர்களைத் தன் பக்கம் இழுத்தார். ஜானிசரித் தலைமைப் பதவிகளில் தன் ஆட்களை உட்காரவைத்தார். 1826 மே மாதம், தலைநகரின் 51 ஓர்த்தாக்களிலிருந்து தலா 150 பேரை எடுத்துப் புதுப் பயிற்சி என்று ஆணை போட்டார். ஜானிசரி அதிகாரிகளே அதில் கையெழுத்திட்டார்கள். ஜூன் 12-ல் பயிற்சி தொடங்கியது. ஜூன் 14 இரவு, எதிர்பார்த்தபடியே, அண்டாக்கள் இறைச்சித் திடலுக்கு வந்தன.

இம்முறை சுல்தான் நடுங்கவில்லை. நபிகளாரின் புனிதக் கொடியை வெளியே எடுத்தார். ஜனங்கள் சுல்தான் அகமது பள்ளிவாசல் பக்கம் திரண்டார்கள். 'கருநரகம்' என்று பட்டப்பெயர் பெற்ற இப்ராஹிம் என்ற பீரங்கி அதிகாரி பாசறைக் கதவை நோக்கிச் சுட்டார். உள்ளே தீ வைத்தார்கள். ஜூன் 15 முடிவதற்குள் நானூறு ஆண்டுக்கும் மேற்பட்ட படை சாம்பல். செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். அரசு இதற்கு வைத்த பெயர் 'மங்கள நிகழ்வு'!

கலைப்பு ஒரே நாளில் முடிந்தது. துடைத்தெறியும் வேலைக்கு நாளானது. ஜானிசரிகளின் குருபீடமான பெக்தாஷி சூஃபிகளை என்ன செய்தார்கள், கல்லறைகளில் இருந்த கல் தொப்பிகளைக்கூட ஏன் உடைத்தார்கள் என்பதையெல்லாம் இந்த இதழிலேயே எழுத நினைத்தேன். அண்டா இடத்தை அடைத்துக்கொண்டது. ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இஸ்தான்புல்லில் தீயணைக்கும் வேலையும் ஜானிசரிகளிடம்தான் இருந்தது. அவர்களோடு தீயணைப்புப் பிரிவும் போனது. ஆகஸ்டில் நகரம் பற்றிக்கொண்டது.

(தொடரும்)