எங்கே போவார்கள், எங்கே அனுப்பலாம்

பாலஸ்தீனம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் கேட்டார்: "எல்லாம் சரி, யூதர்கள் எங்கதான் போவாங்க?" நியாயமான கேள்வி. ஆனால் அகதி கேட்கும்போது அது 'எங்கே போவேன்?' பேரரசு கேட்கும்போது 'எங்கே அனுப்பலாம்?' இரண்டையும் நாம் ஒன்றாக்கிவிடுகிறோம்.

1903இல் பிரிட்டிஷ் காலனிச் செயலர் சேம்பர்லேன் சியோனிஸ்டுகளுக்குக் கிழக்கு ஆப்பிரிக்காவில் நிலம் தர முன்வந்தார். 'உகாண்டா திட்டம்' என்று பெயர்; காட்டிய இடமோ இன்றைய கென்யாவில். மாசாய், நந்தி மக்கள் மாடு மேய்த்த மண் அது. அவங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. 1905இல் சியோனிஸ்ட் காங்கிரஸ் திட்டத்தை நிராகரித்தது. அதே ஆண்டு, பால்ஃபர் பிரதமராயிருக்க, ருசியப் பேரரசிலிருந்து தப்பிவந்த யூதர்களைத் தடுக்கும் அந்நியர் சட்டம் பிரிட்டனில் நிறைவேறியது. 1917இல் பாலஸ்தீனத்தில் யூதருக்குத் தேசிய இல்லம் என்று அறிவித்தவரும் இதே பால்ஃபர்தான். இதில் முரண் எதுவுமில்லை. எங்க வீட்டுக்குள்ள வராதே, அடுத்தவன் வீட்ல இருந்துக்கோ, அவ்வளவுதான். அறிவிப்பே யூத வெறுப்பு என்று அன்றே எதிர்த்தவர், அந்த அரசில் இந்திய அமைச்சராயிருந்த யூதர் எட்வின் மாண்டேகு.

பேரரசின் தேவை மாறியதும் அந்தக் கதவும் மூடியது. அரபு எழுச்சிக்குப்பின் 1939இல், ஐந்தாண்டுகளுக்கு 75,000 பேர்தான் என்று வரம்பு விதித்தார்கள். 1940 நவம்பரில் 'அட்லாண்டிக்' கப்பலில் ஹைஃபா வந்த அகதிகளில் சுமார் 1,580 பேரை மொரீஷியசுக்கு நாடுகடத்தினார்கள். நாஜிகளிடமிருந்து தப்பியவர்களுக்கு அங்கே 1945 வரை சிறை. ஆண்கள் சிறையறைகளில், பெண்கள் தகரக் கொட்டகைகளில். நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கேயே புதைக்கப்பட்டார்கள்.

மொரீஷியஸ் நமக்கும் தெரிந்த தீவுதான். கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்களையும் கூலிகளாய்க் கப்பலேற்றிய அதே ஆட்சி, பிறகு யூதர்களை இறக்கியது. அமெரிக்க ராணுவத் தளத்துக்காக 1968-73இல் பிரிட்டன் அப்புறப்படுத்திய சாகோஸ் தீவு மக்களில் பலரும் வந்து சேர்ந்தது இங்கேதான். மனிதர்களைச் சரக்காக இடம்மாற்றும் ஒரே நிர்வாக அறிவுதான் மூன்றிலும்.

சியோனிசம் அந்த அறிவின் துணையோடுதான் நிலம் தேடியது. விலை கொடுத்தவர்கள் 1948இல் அகதிகளான ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள். இதைச் சொன்னா யூத வெறுப்புன்னு முத்திரை குத்துறாங்க. யூத வெறுப்பைப் பேசினாலோ நம்ம தோழர்களுக்கே சங்கடம். இரண்டு மௌனங்களிலும் தப்பித்துக்கொள்வது ஐரோப்பாதான்.

நண்பருக்கு என் பதிலும் கேள்விதான்: எங்கே போவாங்கன்னு கேக்கிறோமே, அவர்களைத் துரத்தியது யார்? கதவடைத்தது யார்? அடுத்தவர் மண்ணைக் காலி நிலமென்று வரைபடத்தில் குறித்தது யார்?