பிளக்கின் மூன்றாவது கால்

ஹட்டன் பக்கத்துத் தோட்ட லயங்களுக்குப் போகும்போது நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. சுவரிலே சதுரப் பின் சொக்கட் இருக்கும். வீட்டிலுள்ள பொருளுக்கோ இரண்டு கால் பிளக். சொக்கட்டின் மேல் துளையில் ஒரு பேனாவைக் குத்தி மூடியைத் திறந்து, கீழ்த் துளைகளில் அந்தப் பிளக்கைத் திணித்துவிடுகிறார்கள். ரேடியோ பாடுகிறது, அத்துடன் கவலை தீர்ந்தது என்று எண்ணுகிறோம். ஆனால் அந்த மூடி ஏன் அங்கே வைக்கப்பட்டது?

நம் நாட்டில் நீண்ட காலமாக இரு வகைப் பிளக்குகள் புழங்கின. ஒன்று 5, 15 அம்பியர் உருண்டைப் பின். மற்றது 13 அம்பியர் சதுரப் பின். இரண்டும் பிரித்தானியர் வழியாக வந்தவையே. இந்தியா இன்றும் உருண்டைப் பின்னையே வைத்திருக்கிறது. இலங்கை 2016இல் சதுரப் பின்னையே தேசிய நியமமாக ஏற்றது.

1947இல் பிரித்தானியாவில் நியமமாக்கப்பட்ட இந்தச் சதுரப் பிளக்கில் மூன்று காவல்கள் உள்ளன. நீளமான மேல்கால் முதலில் நுழைந்து எர்த்தை இணைக்கிறது. அதுவே மற்றத் துளைகளின் மூடியையும் திறக்கிறது. ஆகவே குழந்தை ஆணியை நுழைத்தாலும் மின்சாரம் எளிதில் எட்டாது. பிளக்கினுள் இருக்கும் பியூஸ், வயர் சூடேறித் தீப்பிடிக்கும் முன் எரிந்து மின்சாரத்தை நிறுத்துகிறது. பேனாவைக் குத்தும்போது இந்த மூன்றையும் நாமே தூக்கி எறிகிறோம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. நுவரெலியாக் குளிருக்கு மின்கேத்தல் வாங்குகிறோம். 2000 வாற்றுக் கேத்தல், 230 வோல்ற்றில் ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். அதை அடப்டர் மூலம் பழைய 5 அம்பியர் சொக்கட்டில் மாட்டினால் சொக்கட்டும் வயரும் சூடேறும். லயத்திலோ ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள். ஓர் அறையில் பிடிக்கும் தீ அந்த அறையோடு நிற்பதில்லை.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. எஸ்.எல்.எஸ். முத்திரையுள்ள பிளக்கை வாங்குவோம். எரிந்த பியூஸுக்குப் பதிலாகக் கம்பித்துண்டோ ஈயத்தாளோ வைக்காதிருப்போம். ரேடியோ போன்ற சிறு பொருளுக்கு 3 அம்பியர் பியூஸ் போதும். ஆபத்துக்கு உதவும் ட்ரிப் சுவிட்ச்சை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி இடைக்கிடை பார்த்துக்கொள்வோம்.

எனினும் முழுப் பாரத்தையும் தொழிலாளியின் தலையில் சுமத்துவது நியாயமல்ல. மண்ணோடு சரியாக இணைக்கப்பட்ட எர்த் கம்பி வீட்டில் இல்லாவிட்டால் மூன்றாவது கால் வெறும் உலோகத் துண்டுதான். லயம் முழுவதற்கும் நல்ல வயரிங் செய்வது நாட்கூலியில் முடிகிற காரியமா? காசல்ரீ, மவுசாகலை நீரை மின்சாரமாக நாட்டுக்குக் கொடுக்கிற மலைகள் இவை. அந்த மின்சாரம் இங்குள்ள வீடுகளுக்குள் ஆபத்தின்றி வரவேண்டும் என்று தோட்ட நிர்வாகங்களிடமும் அதிகாரிகளிடமும் நாம் ஒன்றுசேர்ந்து கேட்கத்தான் வேண்டும்.

அதுவரை, இன்று மாலையே நம் வீட்டுச் சொக்கட்டிலிருந்து அந்தப் பேனாவை எடுத்துவிடுவோம்.