இறங்கிய உயரம் எங்கே போகிறது?

பினாங்குக் கொடிமலை ரயிலில் ஒரு பெட்டி இறங்கும்போது இன்னொன்று ஏறுகிறது. இரண்டையும் கம்பிவடம் பிணைத்திருப்பதால், இறங்கும் பெட்டியின் எடையே ஏறும் பெட்டியை இழுக்கத் துணை நிற்கிறது. 1923இல் ஓடத் தொடங்கிய அந்த ரயில் 2011இல் அடியோடு புதுப்பிக்கப்பட்ட பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. ஜாலான் துன் சார்டோன் வளைவுகளில் பாலிக் புலாவை நோக்கிக் குடும்பத்தோடு இறங்கும் எஸ்யூவிக்கு அப்படியொரு துணைப்பெட்டி கிடையாது. எஞ்சினும் காற்றும் தடுத்தது போக, இறங்கிய உயரத்தின் மிச்சம் முழுவதும் பிரேக்கில் வெப்பமாக மாறியே தீரவேண்டும்.

எவ்வளவு வெப்பம்? ஆட்களும் சாமான்களுமாக வண்டியின் எடை 2 டன் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் போகும் அதை ஒருமுறை முழுதாக நிறுத்தினால் பிறக்கும் வெப்பம், 30 டிகிரியில் இருக்கும் 2 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். 100 மீட்டர் உயரத்தைப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினாலோ 6 லிட்டருக்கும் மேல். இவ்வளவும் உள்ளங்கை அகலமே உள்ள சில பேட்களுக்கும் அவை கவ்வும் இரும்பு டிஸ்க்குகளுக்கும் இடையில் நடக்கிறது. புதிய பேடில் உராயும் பகுதியின் தடிமன் பெரும்பாலும் 10 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும்.

தான் தேய்ந்து மற்றதைக் காப்பாற்றும் இந்தப் பாகத்துக்கு வழிகாட்டியவர் ஒரு பெண். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவரின் மூன்றுசக்கர மோட்டார் வண்டியில் இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். மலைச்சரிவுகளில் மரப் பிரேக் கட்டைகள் தேய்ந்துபோயின. வழியில் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் சொல்லி அவற்றின் மேல் தோல் அடிக்கச் செய்தார். இன்று தோலின் இடத்தில் பிசினால் இறுக்கிய உலோக இழை, கிராஃபைட், பீங்கான் துகள் எல்லாம் சேர்ந்த கலவை இருக்கிறது.

பிரேக்கில் என்னை அதிகம் வியக்கவைப்பது, பேட்களைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வவைக்கும் கேலிப்பருக்குள் இருக்கும் ஒரு ரப்பர் வளையம். பேடைத் தள்ளும் பிஸ்டனைச் சுற்றி எண்ணெய் கசியாமல் காப்பது அதன் வெளிப்படையான வேலை. பெடலை மிதித்ததும் பிஸ்டன் முன்னே நகர, அதைப் பற்றியிருக்கும் வளையம் லேசாக முறுக்கிக்கொள்கிறது. காலை எடுத்ததும் முறுக்கு அவிழ்ந்து பிஸ்டனை மயிரிழை பின்னுக்கு இழுக்கிறது. பேட் டிஸ்க்கை விடுவதற்கு அந்த இழுவை போதும்; தனி ஸ்பிரிங் வேண்டாம். பேட் தேயத் தேய, பிஸ்டன் வளையத்தினூடே சற்று வழுக்கி முன்னே போய்ப் புது இடத்தில் நிற்கும். அங்கிருந்தும் அதே மயிரிழைதான் பின்வாங்கும். 10 மில்லிமீட்டர் 3 ஆகும்வரை பெடலின் உயரம் மாறியதே காலுக்குத் தெரியாது.

பிஸ்டன் விட்டுப்போன இடத்தை நிரப்புவது பிரேக் எண்ணெய். அதனால்தான் பேட் தேயும்போது குப்பியில் எண்ணெய் மட்டம் இறங்குகிறது. மட்டம் குறைந்தால் உடனே ஊற்றி நிரப்பாமல், முதலில் பேடையும் கசிவு உண்டா என்பதையும் பார்க்கவேண்டும். புது பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள். ஏற்கெனவே நிரப்பிவைத்திருந்தால் எண்ணெய் வழிந்து பெயின்ட்டை அரிக்கும்.

பினாங்கு போன்ற ஊரில் எண்ணெய்க்கு இன்னொரு தொல்லை உண்டு. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் குறையாமல் தாங்கவேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155தான். நெடுஞ்சரிவில் பெடலை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் அந்த ஈரம் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டாகலாம். எண்ணெய் அழுந்தாது, ஆவி அழுந்தும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. சரிவு தொடங்குமுன்பே கியரைக் குறைத்து எஞ்சினைத் தடுக்கவிடுவதும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவதும் இதற்காகத்தான்.

மழை நின்ற மறுநாள் காலையில் கேட்கும் கரகரப்பு டிஸ்க்கில் படிந்த மேல்துரு; சிலமுறை மிதித்ததும் மறைந்துவிடும். மறையாமல் கிறீச்சென்று தொடர்ந்தால், பேட் முடியப்போவதை அறிவிக்கும் தகடு டிஸ்க்கை உரசுகிறது என்று சந்தேகிக்கவேண்டும். சக்கரத்தைக் கழற்றினால் வெளிப்பேடோடு நின்றுவிடாமல் உள்பேடையும் பாருங்கள். வெளியே 7 மில்லிமீட்டரும் உள்ளே 2 மில்லிமீட்டரும் இருந்தால், கேலிப்பர் வழுக்கி நகர உதவும் முளை துருப்பிடித்து இறுகியிருக்கக்கூடும். அதைத் துடைத்து உரிய கிரீஸ் போடாமல் புது பேட் மட்டும் மாட்டினால் அதுவும் அதே கோணலில் தேயும்.

மின்சாரக் கைப்பிரேக் உள்ள புரோட்டோன் எக்ஸ்70 போன்ற வண்டிகளில், பின்சக்கர வேலைக்கு முன் கைப்பிரேக் மோட்டாரைப் பின்வாங்கும் நிலைக்குக் கொண்டுவரவேண்டும். பிஸ்டனை வலுவில் நெட்டினால் கேலிப்பர் கெடும். பெரோடுவா அருஸின் பின்சக்கரங்களில் இருப்பது டிரம். அங்கே பேட் கிடையாது, பிரேக் ஷூதான். எந்த வண்டியானாலும் பேட்களை இடம் வலம் சேர்த்தே மாற்றவேண்டும். மாற்றியதும் வண்டியை அசைக்குமுன் பெடல் கெட்டியாகும்வரை மிதிக்கவேண்டும். தள்ளிவைத்த பிஸ்டன் பேடைத் தொடும்வரை பிரேக்கே கிடையாது. மலேசியாவில் தனியார் கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை இல்லாததால், இதையெல்லாம் சரிபார்க்கும் பொறுப்பு வண்டிக்காரருடையது.

பிறகு ஆளில்லாத சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை, நிறுத்திவிடாமல், பலமுறை நிதானமாகக் குறைக்கவேண்டும். பேடின் கலவை மெல்லிய படலமாக டிஸ்க்கில் பரவிப் பற்றிக்கொள்ள அந்தச் சூடு தேவை. பேட் வெறும் இரும்போடு மல்லுக்கட்டுவது குறைந்து, தன் கலவைப் படலத்தின் மேலேயே உராயத் தொடங்குவது அதன் பிறகுதான்.