மருத்துவ ஆசிரியர்களும் மின்வழிக் கற்பித்தலும்

மருத்துவம், பல் மருத்துவம், செவிலியம், இயன்முறை மருத்துவம் போன்ற துறைகளில் பாடம் நடத்துவோர் இணையத்தின் துணையோடு கற்பிக்கப் பழகுவதற்கு முறையான பயிற்சி தேவைப்படுகிறது. தமிழ்நாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியில் 2007ஆம் ஆண்டு தொடங்கிய பி.எஸ்.ஜி.-ஃபைமர் மண்டல நிறுவனம். ஃபைமர் என்பது அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உள்ள மருத்துவக் கல்வி மேம்பாட்டு அறக்கட்டளை. மும்பையிலும் லூதியானாவிலும் இதற்கு முன்பே இத்தகைய மண்டல நிறுவனங்கள் தொடங்கப்பட்டிருந்தன.

பயிற்சியின் தேவை

பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தர பி.எட். படித்திருக்க வேண்டும். மருத்துவக் கல்லூரி ஆசிரியருக்கோ தம் துறையின் முதுநிலைப் பட்டமே அடிப்படைத் தகுதி. கற்பிக்கும் கலையை அவர் பணியில் சேர்ந்த பிறகுதான் கற்கிறார். பி.எட். பயின்ற நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம்.

பயிற்சி நடக்கும் விதம்

இது இரண்டாண்டுப் பகுதிநேரப் பயிற்சி. ஆசிரியர்கள் சில நாள்கள் நேரில் கூடுவார்கள். பிறகு தத்தம் கல்லூரிக்குத் திரும்பி, வேலை பார்த்துக்கொண்டே இணையவழிக் கலந்துரையாடல்களில் பங்கேற்பார்கள். கூடவே, தம் கல்லூரியில் ஒரு கல்விச் சீர்திருத்தத் திட்டத்தையும் செய்து முடிக்க வேண்டும். கலந்துரையாடல்களை நெறிப்படுத்தும் பொறுப்பும் அவர்களிடமே வரும்.

இந்த ஏற்பாட்டின் சிறப்பு இதுதான்: மின்வழியில் கற்பிக்க வேண்டியவர் முதலில் மின்வழி மாணவராகிறார். கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வராமல் காத்திருப்பது எப்படி இருக்கும், நீண்ட பாடத்தைத் திரையில் படிக்கும்போது எங்கே கண் சோர்கிறது என்பதை அவர் தாமே உணர்கிறார். கில்லி சால்மன் என்ற கல்வியாளர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இணையக் கற்றலை ஐந்து படிகளாக வகுத்தார்: உள்நுழைந்து பழகுதல், ஒருவரையொருவர் அறிதல், தகவல் பரிமாறல், கூடி அறிவை உருவாக்கல், தாமாக வளர்தல். முதல் இரண்டு படிகளைத் தாண்டிக் குதித்து நேரே பாடத்துக்குப் போகும் வகுப்புகளில் மாணவர்கள் வாய் திறப்பதில்லை. கரும்பலகை வகுப்பிலும் இதே கதைதான்.

திரையும் கட்டிலும்

ஜார்ஜ் மில்லர் 1990இல் மருத்துவத் திறனை நான்கு அடுக்குகளாகக் காட்டினார்: அறிதல், எப்படி என அறிதல், செய்து காட்டல், பணியில் செய்தல். கீழ் இரண்டு அடுக்குகளுக்குத் திரை நன்றாகவே உதவும். இதய முணுமுணுப்பு ஒலியைப் பதிவில் பத்து முறை கேட்கலாம். நோயாளியைப் பத்து முறை தொந்தரவு செய்ய முடியாது. ஆனால் வீங்கிய மண்ணீரலை, வலது அடிவயிற்றில் தொடங்கி இடது விலாவை நோக்கி விரல்களால் தேடிக் கண்டறிவதை எந்தக் காணொலியும் கைக்குக் கற்றுத்தராது. எந்தப் பாடத்தை எங்கே வைப்பது என்ற இந்தத் தீர்ப்புதான் ஆசிரியர் கற்க வேண்டிய முதன்மையான பாடம். மென்பொருளை இயக்கச் சில நாள்களில் பழகிவிடலாம்.

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டபோது இந்தத் தீர்ப்புக்கு நேரமே இல்லாமல் போனது. ஒரு மணி நேர விரிவுரை பல இடங்களில் அப்படியே திரைக்கு ஏறியது. கொல்லிமலை போல 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே உள்ள ஊரில், சிக்னலுக்காகப் பாறை மீது ஏறி நிற்கும் மாணவருக்கு நேரலை வகுப்பு பயன்படாது. பேச்சுக்குப் போதுமான தரத்தில் பதிந்த பத்து நிமிட ஒலிப்பதிவு இரண்டு மூன்று மெகாபைட்டுக்குள் அடங்கும். செம்மேட்டுக்கு வரும்போது இறக்கிவைத்து, வீட்டில் இணையமில்லாமலே கேட்கலாம். ஆசிரியர் இதை முன்கூட்டியே எண்ணிப் பாடத்தை அமைக்க வேண்டும்.

மலை அமைந்துள்ள நாமக்கல் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. இத்தகைய கல்லூரியில் மாணவர்கள் மண்ணீரலின் உடற்கூற்றை முதல்நாள் இரவே பதிவில் கேட்டுவிட்டு வந்தால், வார்டில் பேராசிரியருக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரம் முழுவதும் நோயாளியின் கட்டிலருகே செலவாகும்.